1.00 ஆல் பெருக்கு: மார்க்கெட் ஸ்திரீட் கடையின் வூகாமர்ஸ் மராமத்து

2024 தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: ஜனவரி 31க்குப் பிறகு உங்கள் தளம் ஓடும் நிரல்மொழியான பிஎச்பி 7.4 இருக்காது, 8.1க்கு மாறிக்கொள்ளுங்கள். 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. ஆகவே அவர்கள்மேல் கோபப்பட வழியில்லை. ஆனால் தைப்பூசம் பிப்ரவரி 11. மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பூசைப் பொருளும் மளிகையும் விற்கும் ஒரு கடைக்குத் தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பால்குடச் செம்பு, மஞ்சள் துணி, விபூதி, கற்பூரம் என்று இணையக் கடையின் ஆர்டர்கள் மாடிப்படி வரை அடுக்கிக் கிடக்கும்.

கடைத்தளத்தின் நகல் ஒன்றை என் மடிக்கணினியில் ஏற்றி, பிஎச்பி 8.1இல் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பக்கம். பிழைச் செய்திகூட இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். வேர்ட்பிரஸ் தளத்தை இணையக் கடையாக்கும் மென்பொருள் வூகாமர்ஸ். 2017இல் நிறுவிய அதன் 3.0 பதிப்பு அன்றிலிருந்து நகரவில்லை. அதை நகர விடாமல் செய்தவன் நான்தான். கடைக்காரப் பெரியவர் கேட்டதையெல்லாம் அன்றைக்கு வூகாமர்ஸின் மூலக் கோப்புகளைத் திறந்து, அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன். புதுப்பித்தால் எல்லாம் அழிந்துபோகும் என்பதால், நிர்வாகப் பக்கத்தில் 'புதுப்பி' என்ற பொத்தான் கண்ணில் படாதபடியும் செய்து வைத்தேன். ஏழு ஆண்டுகள் அந்தக் கடை பாதுகாப்புத் திருத்தம் ஒன்றும் இல்லாமல் ஓடியிருக்கிறது. எதுவும் நடக்காமல் போனது அம்மன் புண்ணியம். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கடையிலிருந்து நான்கு எட்டில்தான் இருக்கிறது.

முதல் வேலை, எங்கெங்கே கைவைத்தேன் என்று கண்டுபிடிப்பது. குறிப்பு எதுவும் நான் எழுதி வைக்கவில்லை. வூகாமர்ஸ் போன்ற கூடுதல் மென்பொருள்களைச் செருகுநிரல் என்பார்கள். வேர்ட்பிரஸ் தளத்தின் செருகுநிரல் பக்கத்தில் பழைய பதிப்புகள் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. அதே 3.0 பதிப்பின் தூய நகலை இறக்கி, கடையில் இருப்பதோடு டிஃப் கட்டளையால் கோப்புக்குக் கோப்பு ஒப்பிட்டேன். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்க்கும் கட்டளை ஒன்று உண்டு. மாறிய கோப்புகளின் பெயரைப் பட்டியலாகக் கொடுத்துவிடும். ஆனால் எந்த வரி மாறியது என்பதற்கு டிஃப்தான் வேண்டும். பதினேழு கோப்புகள் சிக்கின.

அவற்றில் விலையை அச்சிடும் கோப்பைத் திறந்ததும் சிரிப்பு வந்தது. விலையை எடுத்து 1.00 ஆல் பெருக்கும் ஒரு நிரல் வரி. 2015 ஏப்ரல் 1 அன்று மலேசியாவில் ஆறு விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. விலையை வரியோடு சேர்த்தே காட்ட வேண்டும் என்பது விதி. 2017இல் நான் கோப்பைத் திறந்து 1.06 ஆல் பெருக்கினேன். 2018 ஜூன் 1 அன்று ஜிஎஸ்டி பூச்சியமானபோது அந்த நிரல் வரியை அழிக்காமல் 1.06ஐ 1.00 ஆக்கியிருக்கிறேன். நாளைக்கே திரும்பி வந்தால் என்ற தொலைநோக்கு! அந்த செப்டம்பரில் எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. அதில் விற்பனை வரி உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் மட்டத்தில் ஒரே ஒருமுறை விதிக்கப்படுவது; இந்தச் சில்லறைக் கடைப் பில்லில் அதற்கு வேலையே இல்லை. 1.00 மட்டும் அங்கேயே உட்கார்ந்து, ஆறரை ஆண்டுகளாக ஒவ்வொரு விலையையும் அதே விலையாக மாற்றிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், விலையை வரி சேர்த்துக் காட்டு என்ற அமைப்பு வூகாமர்ஸின் வரிப் பக்கத்தில் அன்றைக்கே இருந்தது. அமைப்புப் பக்கத்தைப் படிக்கும் பொறுமை எனக்கு இல்லை. நிரல் எழுதும் பொறுமை இருந்தது.

அந்தப் பதினேழையும் பார்த்த பிறகுதான் ஒரு வரிசை பிடிபட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதல் கேள்வி: இது இன்னும் வேண்டுமா? பாதி அங்கேயே விழுந்தது. மிஞ்சியதற்கு அடுத்த கேள்வி: அமைப்புப் பக்கத்திலேயே முடியுமா? முடியாவிட்டால் கொக்கி. அதுவும் முடியாவிட்டால் மட்டும் வார்ப்புரு, அதாவது பக்கத்தின் அமைப்பை வரையும் கோப்பின் நகல். மூலக் கோப்பு என்ற வாசல் இனி பூட்டியே கிடக்கும்.

கொக்கி என்று நான் சொல்வது வூகாமர்ஸும் வேர்ட்பிரஸும் தங்கள் நிரலின் இடையிடையே விட்டுவைத்திருக்கும் இடங்களை. 'விலை கணக்கிட்டாயிற்று, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று அது கேட்கும். நம் சிறு செருகுநிரல் வெளியிலிருந்து பதில் சொல்லும். உள்ளே புதுப் பதிப்பு வந்தாலும் கேள்வி அதே பெயரில் இருக்கும்வரை நம் பதில் வேலை செய்யும். இதைப் பெரியவரிடம் விளக்க நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். அவர் முழுதும் கேட்கவில்லை.

"தம்பி, இந்தக் கட்டடம் மாதிரிதானே? பாரம்பரியக் கட்டடம், முகப்பையும் சுவரையும் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. உள்ளே உத்திரத்தில் கொக்கி இருக்கிறது, மாலையை அதில் தொங்கவிட்டுக்கொள். அவ்வளவுதானே?"

2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நாளிலிருந்து அந்த வரிசைக் கடைகள் எல்லாம் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டன. எனக்குத்தான் ஏழு ஆண்டுகள் ஆயிற்று.

பழைய காலத்தில் வேறு வழியே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000இல் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் ஒரு வசதியைச் சேர்க்க வேண்டுமானால், 'இந்தக் கோப்பைத் திற, இந்த வரியைத் தேடு, அதன் கீழே இதை ஒட்டு' என்றுதான் குறிப்பு வரும். நான் தொழில் பழகியது அதில். ஓபன்கார்ட் என்ற இன்னொரு கடை மென்பொருளின் ஓசிமாட் முறை அந்தத் தேடி ஒட்டும் வேலையையே எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, மூலத்தைத் தொடாமல் ஒரு நகலின்மேல் செய்யும். நல்ல தந்திரம்தான். ஆனால் புதுப் பதிப்பில் அந்த வரி கொஞ்சம் மாறினாலும் தேடல் கிடைக்காமல் போய்விடும். பழக்கதோஷம் எளிதில் விடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அஞ்சல் கட்டணம் சுலபமாக முடிந்தது. தீபகற்பத்துக்கு ஒரு விலை, சபா, சரவாக், லபுவானுக்கு வேறு விலை. 2016இல் வந்த வூகாமர்ஸ் 2.6 பதிப்பிலிருந்தே அனுப்பும் மண்டலங்கள் என்று ஒன்று இருக்கிறது. மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து விலை போட்டால் தீர்ந்தது. எடைக்கு ஏற்ற விலைக்கு மட்டும், கட்டணப் பட்டியலை வடிகட்டும் கொக்கியில் இருபது வரி. அதே இடத்தில்தான் கற்பூரமும் வந்தது. கற்பூரம் தீப்பற்றும் பொருள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சபாவில் உள்ள கோத்தா கினபாலுவுக்கு அனுப்பிய பொட்டலம் ஒருமுறை திரும்பி வந்ததும், கற்பூரப் பொருள்களின் எண்களை வரிசையாக மூலக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். புதுப் பிராண்டு வந்தால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். இப்போது 'விமானத்தில் ஏறாதவை' என்று ஓர் அனுப்பும் வகை உண்டாக்கினேன். பெரியவரின் மருமகள் பொருளைச் சேர்க்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கிழக்கு மலேசிய முகவரியாக இருந்தால் கட்டணம் எதுவும் காட்டாமல் காரணத்தைச் சொல்லும். தீப்பெட்டியும் அந்த வகையில் சேர வேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். ஏழு ஆண்டுகளில் எனக்கு அது தோன்றவில்லை.

ஐந்து சென் கணக்கு சற்று வேலை வாங்கியது. 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கம் கொடுத்தால் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குக் கிட்டத்தில் முழுமையாக்க வேண்டும்: 23.42 ரிங்கிட் என்றால் 23.40, 23.43 என்றால் 23.45, 23.48 என்றால் 23.50. அட்டையில் கட்டினால் வேண்டியதில்லை. தீபாவளிக் கழிவு ஏழு விழுக்காடு போட்டால் ஒற்றை சென்கள் வந்து குவியும். கடையில் வந்து எடுத்துக்கொண்டு ரொக்கம் தருபவர்களுக்கு மட்டும் இது பொருந்த வேண்டும். ரொக்க முறையைக் 'கடையில் எடுத்துக்கொள்ளுதல்' என்பதோடு மட்டும் சேர்ப்பது அமைப்பிலேயே இருக்கிறது. முழுமையாக்கலுக்கு, மொத்தத் தொகையை வடிகட்டும் கொக்கியில் மூன்று வரி எழுதி முடித்துவிட்டதாக நினைத்தேன். மறுநாள் மருமகள் ஓர் ஆர்டரில் ஒரு பொருளை நீக்கி 'மறுபடி கணக்கிடு' அழுத்தினார். முழுமையாக்கல் மறைந்துவிட்டது. அந்தக் கொக்கி கூடைக்கு மட்டும்தான். பதிவான ஆர்டருக்கு அது பொருந்தாது. ஆகவே 'சென் சரிக்கட்டல்' என்று தனிக் கட்டண வரியாகவே சேர்த்தேன், கூட்டலாகவோ கழித்தலாகவோ. ஆர்டரை மாற்றினால் அந்த வரி தானாக மாறாது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது, கையால் திருத்தலாம். பணம் செலுத்தும் முறையை வாடிக்கையாளர் மாற்றும்போது தொகை தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. அதற்கு நான்கு வரி ஜாவாஸ்கிரிப்ட்.

இனி வெட்டிவேர் கதை. இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பில்லில் ஆங்கிலப் பெயருக்குக் கீழே தமிழ்ப் பெயரும் வர வேண்டும் என்று பெரியவர் 2017இல் கேட்டார். நான் அப்போது பயன்படுத்திய பிடிஎஃப் நூலகத்துக்குத் தமிழ் எழுத்துகளைக் கோர்க்கத் தெரியாது. யூனிகோடில் 'வெ' என்பது வகரம் முதலில், கொம்பு பின்னால் என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைவது, காட்டும் மென்பொருளின் வேலை. அந்த நூலகம் வந்த வரிசையிலேயே வரைந்தது. பில்லில் எல்லாக் கொம்பும் தவறான பக்கம் நின்றன. சரியான வழி, எழுத்துக் கோர்வை தெரிந்த நூலகத்துக்கு மாறுவது. எம்பிடிஎஃப் ஆறாம் பதிப்பிலிருந்து தமிழை ஒழுங்காகக் கோர்க்கும். நான் செய்ததோ, பொருளைச் சேமிக்கும்போதே கொம்பைப் பிடுங்கி மெய்க்கு முன்னால் வைத்துத் தரவுத்தளத்தில் எழுதிவிடுவது. பில் அழகாக வந்தது. தளத்தில் பெயர் குலைந்தது. அதற்கு, வார்ப்புருவை நகலெடுத்து, காட்டும்போது கொம்பைத் திரும்பவும் பின்னால் தள்ளும் ஒரு வரி. பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்.

அதன் விளைவுகள் இப்போதுதான் வெளியே வந்தன. தளத்தின் தேடலில் 'வெட்டிவேர்' என்று தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. தரவுத்தளத்தில் இருப்பது வேறு வரிசை. 2019க்குப் பிறகு மருமகள் சில நூறு பொருள்களை எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றியிருக்கிறார். அந்த வழி என் மாற்றத்தைத் தொடாது. அதனால் அவை சரியான வரிசையில் உட்கார, காட்டும்போது என் வரி அவற்றைக் குலைத்தது. 'பைரவர் விளக்கு' தளத்தில் 'பரைவர் விளக்கு' என்று நின்றது. "அது போன் எழுத்துருக் கோளாறு என்று நினைத்தேன், அண்ணா," என்றார். ஐந்து ஆண்டுகளாகப் பைரவர் அப்படியே நின்றிருக்கிறார்.

மொத்தம் 640 பெயர்கள். எது புரண்டது, எது நேர் என்று அடையாளம் ஏதும் இல்லை. இரண்டு விதிகள் உதவின. கொம்போ ஐகாரக் குறியோ சொல்லின் முதலிலோ, வேறொரு குறிக்கோ புள்ளிக்கோ பின்னாலோ நின்றால் அது புரண்ட பெயர். நேரான தமிழில் அப்படி வராது. சொல்லின் கடைசியில் நின்றால் அது நேரான பெயர்; புரட்டியதில் குறிக்குப் பின் மெய் ஒன்று கட்டாயம் வரும். 'வெல்லம்' முதல் விதியில் சிக்கியது, 'மாலை' எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதோ ஒரு விதியில் சிக்கியது. ஆனால் 'கடலை' புரண்டால் 'கடைல' ஆகும். அதில் எந்த விதியும் மீறப்படவில்லை. ஐகாரம் டகரத்தின்மேல் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. பைரவரும் அப்படித்தான். கணினிக்குத் தெரியாது, தமிழ் தெரிந்தவருக்கு மட்டும்தான் தெரியும். இப்படி 43 பெயர்கள் மிஞ்சின. அச்செடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். மருமகளும் பெரியவரும் தேத்தாரேக் குடித்துக்கொண்டே கால் மணி நேரத்தில் பென்சிலால் குறித்துத் தந்தார்கள்.

அந்த ஒரு மாற்றத்தை நீக்கியதும் நகலெடுத்த ஒன்பது வார்ப்புருக்களில் ஆறு தேவையற்றுப்போயின. வூகாமர்ஸில் வார்ப்புருவை மாற்ற வேண்டுமானால், அதைத் தளத்தின் தோற்றத்துக்கான நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் சைல்ட் தீமுக்குள் வூகாமர்ஸ் என்ற கோப்புறையில் நகலெடுத்து வைத்தால் அதுதான் செல்லுபடியாகும். இது அனுமதிக்கப்பட்ட வழிதான். ஆனாலும் அது கடன். மூலத்தில் அந்த வார்ப்புரு திருத்தப்பட்டால் நம் நகலுக்கு அது வராது. ஒவ்வொரு வார்ப்புருவின் தலையிலும் பதிப்பு எண் இருக்கும். நம் நகல் பழசாகிவிட்டால் கணினி நிலைப் பக்கம் சொல்லும். ஒன்பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு வழக்கம்: முதலில் மூல வார்ப்புருவை மாற்றமில்லாமல், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் ஒரு பதிவு, பிறகு என் மாற்றம் தனிப் பதிவு. அடுத்த பதிப்பு வரும்போது என் மாற்றம் எது என்று தேட வேண்டியதில்லை.

மேம்படுத்தலை நகலில் படிப்படியாகச் செய்தேன். பிஎச்பி 7.4இல் இருந்தபடியே வேர்ட்பிரஸையும் வூகாமர்ஸையும் 9.5 வரை கொண்டுபோய், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தரவுத்தள மாற்றங்கள் முடியும்வரை காத்திருந்து, கடைசியில்தான் பிஎச்பியை மாற்றினேன். வரிசையை மாற்றினால் பழைய நிரல் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இதில் ஓர் அசம்பாவிதம்: நகலில் மின்னஞ்சலை நிறுத்த மறந்துவிட்டேன். மூன்று வாடிக்கையாளர்களுக்கு 'உங்கள் ஆர்டர் முடிந்தது' என்று மடிக்கணினியிலிருந்து கடிதம் போயிற்று. பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா, "நான் வாங்கவே இல்லையே," என்று கடைக்குப் போன் செய்தார். பெரியவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனை என் கையில் கொடுத்தார்.

பொட்டலம் கட்டும் பட்டியலும் வெறுமையாக வந்தது. வூகாமர்ஸ் 8.2 பதிப்பிலிருந்து, அதாவது 2023 அக்டோபரிலிருந்து, புதிய கடைகளுக்கு ஆர்டர்கள் வேர்ட்பிரஸின் பழைய பதிவு அட்டவணையில் இல்லாமல் தங்களுக்கென்று தனி அட்டவணைகளில் இருக்கும். பழைய கடைகள் விரும்பினால் மாறலாம், நான் மாற்றினேன். என் பட்டியலோ பழைய அட்டவணைக்குள் நேரே எஸ்க்யூஎல் என்ற தரவுத்தளக் கட்டளை எழுதித் துழாவிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருப்பவரிடம் கேட்காமல் கிடங்குக்குள் புகுந்து நானே அலமாரியைத் தேடிய மாதிரி. அலமாரியை மாற்றியதும் தடுமாறினேன். இப்போது வூகாமர்ஸின் சொந்தச் செயல்கூறுகளைக் கேட்டு ஆர்டரை வாங்குகிறேன்; அது எங்கே வைத்திருக்கிறது என்பது அதன் பாடு.

பணம் செலுத்தும் பக்கத்தின் புதிய வடிவமான செக்அவுட் பிளாக்குக்கு மட்டும் மாறவில்லை. வூகாமர்ஸ் 8.3 முதல் புதிய கடைகளுக்கு அதுதான் இயல்பு. ஆனால் பழைய செக்அவுட்டின் பல கொக்கிகள் அதில் இழுபடுவதில்லை. என் சென் சரிக்கட்டலின் ஜாவாஸ்கிரிப்டும் அங்கே வேலை செய்யாது. தைப்பூசத்துக்கு முன் அதில் இறங்க எனக்குத் துணிவில்லை.

மிஞ்சிய எல்லாம் கடையின் சொந்தச் செருகுநிரல் ஒன்றில், ஒரு வழக்கத்துக்கு ஒரு கோப்பாக இருக்கின்றன. தீமில் இல்லை, தீம் மாறினாலும் இவை இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூன்று வரிகள்: கேட்டவர், காரணம், எப்போது நீக்கலாம். மூன்றாவது வரியை முன்பே எழுதியிருந்தால் 1.00 அங்கே ஆறரை ஆண்டுகள் தங்கியிருக்காது.

ஜனவரி 8 அன்று இரவு, கடை அடைத்த பிறகு, உண்மையான தளத்தை மாற்றினேன். அந்த மாதமே வூகாமர்ஸ் 9.6 வந்தது. நகலில் ஒருமுறை, தளத்தில் ஒருமுறை, நடுவில் ஒரு சோதனை ஆர்டர், இருபது நிமிடம். நான் மறைத்து வைத்திருந்த அந்தப் பொத்தானை மருமகளே அழுத்தினார்.

மறுநாள் பெரியவர் கூப்பிட்டார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர்கள் செம்பை முன்பதிவு செய்து, பிப்ரவரி 9 மாலைக்குள் கடையில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "சின்ன வேலைதானே, தம்பி?" என்றார். புதுக் கோப்பைத் திறந்து முதலில் தலை வரிகளை எழுதினேன். கேட்டவர்: ஐயா. காரணம்: தைப்பூசம். எப்போது நீக்கலாம்: பிப்ரவரி 12.